ஔட்-ஹேவர்லே குளத்தில் மீன் வாசனை

லூவனுக்கு யாராவது குடும்பத்தோடு வந்தால் சுற்றிக் காட்ட நாங்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். முதலில் டவுன் ஹால், அதன் முன்னால் ஒரு குரூப் போட்டோ. அப்புறம் பல்கலைக்கழக நூலகம். மத்தியானம் பொட்டலத்தில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ். (அதற்கு முன்னால் 'ஃப்ரெஞ்ச்' சேர்த்தால் பெல்ஜியம்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஜாக்கிரதை.) மூன்று மணிக்கெல்லாம் பிள்ளைகள் "போர் அடிக்குது" என்று ஆரம்பித்துவிடும். அப்போதுதான் நான் ஔட்-ஹேவர்லேக்கு டிக்கெட் எடுப்பேன்.

லூவனிலிருந்து ஓட்டின்யி பக்கம் போகும் ரயிலில் இரண்டாவது ஸ்டாப். பையை மேலே வைத்துவிட்டு உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அது டெய்லே என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கு. ஈரமான புல்வெளி, நாணல், வரிசையாகக் குளங்கள், மேட்டுப் பக்கம் ஹேவர்லே காடும் மேர்டால் காடும். கொஞ்சம் தள்ளிக் காட்டோரமாக 'ஸூட் வாட்டர்' என்று ஐந்து குளங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் விளையாட இடம், பெரியவர்கள் காபி குடிக்க இடம் எல்லாம் அங்கேதான். அந்தப் பெயரை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் 'இனிப்புத் தண்ணீர்' என்று வரும். இங்கே உப்பில்லாத தண்ணீருக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். நம்ம ஊரில் 'நல்ல தண்ணி' என்கிறோமே, அதேதான்.

போன கோடையில் என் மாமியார் திருச்சியிலிருந்து வந்திருந்தார். ஸ்டேஷன் பக்கத்துக் குளக்கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் மாப்ள, இவ்ளோ தண்ணி கிடக்கு, ஒருத்தரும் இறங்கல? ஒரு படித்துறைகூட இல்லையே?" என்றார்.

"பறவைங்களுக்காக விட்டிருக்காங்க அத்தை."

"பறவைக்கு மட்டும்னா, மீனு?"

அத்தை சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் உயிரியல் படிக்கிறவர்கள் இந்தக் குளத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் கேட்பதும் இதே கேள்விதான். மீன் இருந்ததா? எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை?

ஔட்-ஹேவர்லேயின் தெற்குக் குளம் இயற்கையாக வந்ததில்லை. 1970-ல் மீன் வளர்ப்பதற்காக வெட்டியது. ஏறக்குறைய 8.7 ஹெக்டேர், ஆழம் குறைவு. வெட்டின முதல் சில வருஷம் அதில் மீன் ரொம்பக் குறைவு. எழுபதுகளின் நடுவில் மீனைக் கொண்டுவந்து கொட்டினார்கள். எண்பதுகளின் கடைசியில் மீன் மறுபடி குறைந்தது. எப்போது எவ்வளவு மீன் விட்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குதான் பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

அந்த மீன்கள் தின்றது எதை? டாஃப்னியாவை. தமிழில் நீர்த் தெள்ளுப்பூச்சி என்பார்கள். பெயர்தான் தெள்ளுப்பூச்சி, கடிக்காது. உண்மையில் அது இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். சென்னையில் கொளத்தூர் பக்கம் வண்ண மீன் வாங்கப் போயிருந்தால் உயிர்த்தீனி என்று விற்பார்களே, அந்த வகையறா. இந்தக் குளத்தில் இருப்பது டாஃப்னியா மாக்னா. பெயருக்கு ஏற்ப இந்தக் கூட்டத்தில் பெரிய உருவம், பெண் பூச்சி 5 மில்லிமீட்டர் வரைகூட வளரும். உடம்பு முழுக்கக் கண்ணாடி. ஒரே ஒரு கறுப்புக் கண். சாதாரண லென்ஸ் வைத்துப் பார்த்தாலே இதயம் துடிப்பது தெரியும், வயிற்றுக்குள் பாசி பச்சையாகத் தெரியும், முதுகுப் பக்கப் பையில் குட்டிகள் உருள்வது தெரியும். பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம் கண்ணை எடுக்க மனசு வராது. எனக்கும்தான்.

நிலைமை நன்றாக இருக்கும்வரை இதுகளுக்கு ஆண் துணை தேவையில்லை. அம்மா தன்னையே நகல் எடுத்த மாதிரி பெண் குட்டிகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அந்தக் குட்டியும் அம்மா. குளிர் வரப்போகிறது, சாப்பாடு குறைகிறது, கூட்டம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்தால்தான் ஆண்கள் பிறக்கும், கலப்பு நடக்கும். அப்போது போடுவது வேறு மாதிரி முட்டை. இரண்டிரண்டாக ஒரு கறுப்பு உறைக்குள், குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். அது குளத்தடிச் சேற்றில் போய் விழும். அடுத்த வசந்தத்தில் பொரிந்தால் பொரிந்தது. இல்லையென்றால் மேலே சேறு படிந்து, அப்படியே தூங்கிவிடும். பல வருஷம். சில இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில்கூட. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஏரியின் சேற்றிலிருந்து சுமார் 700 வருஷப் பழைய டாஃப்னியா முட்டையைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். ராஜராஜ சோழன் காலம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கணக்குப்படி கடைசிப் பாண்டியர் காலம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். குளத்தடிச் சேறு வருஷா வருஷம் அடுக்கடுக்காகப் படிகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்த வருஷத்து முட்டை. நான் சாஃப்ட்வேர்காரன், எனக்கு உடனே தோன்றியது, இது பழைய வெர்ஷன் எல்லாம் அழியாமல் இருக்கிற ரெப்போ. எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போய் அந்த வெர்ஷனை ஓட்டிப் பார்க்கலாம். நம்ம ஆபீஸ் ரெப்போவே பல சமயம் ஓடாது, அது வேறு விஷயம்.

லூவன் பல்கலைக்கழகத்தில் லூக் டி மேஸ்டர் என்ற பேராசிரியரின் குழு இதைத்தான் செய்தது. கிறிஸ்டீன் கூஸின் முதல் ஆசிரியராக இருந்து அவர்கள் 2001-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். சேற்றுத் தூணை எடுத்து, மூன்று காலத்து முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். மீன் வருவதற்கு முன்னால் ஒன்று, மீன் மிகுந்த காலத்தில் ஒன்று, மீன் குறைந்த பிறகு ஒன்று. பாட்டி, அம்மா, மகள் மூன்று பேரையும் ஒரே வயசில் ஒரே அறையில் நிற்க வைத்த மாதிரி. பிறகு எல்லாரிடமும் ஒரே கேள்வி: தண்ணீரில் மீன் வாசனை வந்தால் நீ வெளிச்சத்தை விட்டு எவ்வளவு தூரம் விலகிப் போவாய்?

ஏன் வெளிச்சம்? மீன் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பிராணி. பகலில் மேலே மிதந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் மீன் உள்ள தண்ணீரில் டாஃப்னியா பகலில் இருட்டான அடியில் கிடக்கும், ராத்திரிதான் மேலே வந்து பாசி சாப்பிடும். கீழே குளிர் அதிகம், தீனி குறைவு, வளர்ச்சி மெதுவாகும். உயிர் பிழைப்பதற்குக் கொடுக்கிற விலை அது. மீன் இல்லாத குளத்தில் இந்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், மேலே நிம்மதியாகச் சாப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி இரண்டு மடங்கு பிள்ளை பெற்றுவிடுவாள்.

முடிவு என்னவென்றால், மீன் வருவதற்கு முந்தைய கூட்டத்தைவிட மீன் மிகுந்த காலத்துக் கூட்டம் மீன் வாசனைக்கு ரொம்பப் பலமாக ஒதுங்கியது. எண்பதுகளின் கடைசியில் மீன் குறைந்தபின் பிறந்தவற்றில் அது திரும்பத் தளர்ந்திருந்தது. இருபது வருஷத்துக்குள் ஏறி இறங்கியிருக்கிறது. பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருஷம் என்று பள்ளியில் படித்ததுதான் எனக்கு நினைவு. இது என் வீட்டுக் கடனைவிடக் குறைந்த காலத்தில் நடந்திருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு தனிப் பூச்சிக்குள்ளும் 'மீன் வாசனை வந்தால் கீழே போ' என்ற 'இஃப்' ஏற்கெனவே இருக்கிறது. வாசனை இல்லையென்றால் அது ஓடாது. இது பரிணாமம் ஆகாது, ஒரு உயிர் தன் வாழ்நாளுக்குள் சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்வது. குளத்தில் தலைமுறை தலைமுறையாக மாறியது அந்த 'இஃப்' எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பலமாக ஓட வேண்டும் என்பதுதான். பயம் எப்போதும் போட்டுக்கொண்டே திரிகிற சட்டையாக ஆகவில்லை. தேவைப்பட்டால் எடுத்துப் போட்டுக்கொள்ளும் வேகம் கூடியது.

அந்த வாசனை என்ன என்பதும் ரொம்ப நாள் மர்மமாக இருந்தது. 2019-ல் பக்கத்து நாட்டு கொலோன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். கெண்டைக் குடும்பத்து மீன்களின் பித்தத்தில் இருக்கும் ஓர் உப்பு. கொழுப்பை ஜீரணிக்க மீனுக்கு அது கட்டாயம் வேண்டும். தண்ணீரில் துளியிலும் துளி இருந்தாலே டாஃப்னியாவுக்குத் தெரிந்துவிடும். இதற்கு முந்தின வருஷம், கேயோபோரஸ் என்ற கொசு மாதிரி ஈயின் கண்ணாடிப் புழு விடுகிற வாசனையையும் வேறொரு குழு பிரித்தெடுத்தது. அதுவும் ஜீரணத்தோடு சம்பந்தப்பட்ட பொருள்தான். ஆக, வேட்டைக்காரன் தன் இருப்பை மறைக்கவே முடியாது. மறைக்க வேண்டுமானால் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும். செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், நாம் தினம் தேடுகிற லீக் இதுதானே.

இரண்டு எதிரிக்கும் ஒரே மருந்து இல்லை என்பதுதான் இதில் கஷ்டம். மீன் பெரியதாகப் பார்த்துப் பிடிக்கும். எனவே மீன் இருந்தால் சின்ன உடம்போடு சீக்கிரம் வயசுக்கு வந்து குட்டி போடுவது நல்லது. கேயோபோரஸ் புழுவுக்கு வாய் சின்னது, அது பிடிப்பது குட்டிகளை. அதனால் அந்தப் புழு உள்ள குட்டையில் இன்னொரு இனமான டாஃப்னியா பூலெக்ஸின் குட்டிகள் பிடரியில் சின்னச் சின்ன முள் வளர்த்துக்கொள்ளும். புழு கவ்வினால் வழுக்கும். முள்ளுக்கு ஆகும் செலவில் வயசுக்கு வருவது தாமதமாகும். அதே நாளில் மீனும் வந்துவிட்டால்? தப்பான கவசத்தைப் போட்டுக்கொண்ட கதைதான்.

இதையெல்லாம் என் ஏழு வயசு மகளிடம் சொன்னபோது "காட்டுங்கப்பா" என்றாள். குளத்தில் கை வைக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் மீனில்லாத ஒரு சின்னத் தொட்டி உண்டு, அங்கிருந்து ஒரு ஜாம் பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தோம். உள்ளே இருபது முப்பது துள்ளிக்கொண்டிருந்தன. பாட்டிலுக்கு மேலே டார்ச் அடித்தோம், கொஞ்சம் மேலே வந்த மாதிரி இருந்தது. அவளுடைய தோழி வீட்டு கோல்ட்ஃபிஷ் தொட்டியிலிருந்து ஒரு கப் தண்ணீர். (கோல்ட்ஃபிஷ்ஷும் கெண்டைக் குடும்பம்தான்.) அதை ஊற்றினதும் பாதி கீழே போயின. மகளுக்கு ஒரே சந்தோஷம். "ஊத்தின வேகத்துல கலங்கிப் போயிருக்கும், வெறும் தண்ணிய ஊத்தியும் பார்க்கணும்ல" என்றாள் என் மனைவி. அவள் லேபில் வேலை பார்க்கிறவள். ஊற்றினோம். அதற்கும் கொஞ்சம் கீழே போயின. அறிவியல் அன்றைக்கு அதோடு முடிந்தது, ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டோம்.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு ஓர் ஆய்வு. 1999-ல் அனுராக் அகர்வால், கிறிஸ்டியன் லாஃபோர்ஷ், ரால்ஃப் டோல்ரியான் மூவரும் வெளியிட்டது. டாஃப்னியா குக்குல்லாட்டா என்ற இனத்துக்கு எதிரி வாசனை பட்டால் தலையில் கூம்பு மாதிரி ஒரு கவசம் நீளும். அவர்கள் அம்மாக்களை மட்டும் எதிரி வாசனை உள்ள தண்ணீரில் வைத்தார்கள். பிறந்த குட்டிகளைச் சுத்தமான தண்ணீருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் குட்டிகள் எந்த எதிரியையும் முகர்ந்ததில்லை. ஆனாலும் சாதாரணத் தாய்க்குப் பிறந்தவற்றைவிடப் பெரிய கவசத்தோடு இருந்தன. அதே கட்டுரையில் காட்டு முள்ளங்கியிலும் இதே மாதிரி காட்டியிருக்கிறார்கள். கம்பளிப்புழு தின்ற செடியின் விதையிலிருந்து வந்த செடி, புழுவுக்குக் கூடுதலாக ஈடுகொடுத்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பஸ் நினைவுக்கு வந்தது. என் மகள் வீட்டில் வாயாடி. பஸ்ஸில் ஏறினால் டச்சு மொழியை முழுச் சத்தத்தில் பேசுவாள். தமிழில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மட்டும் என் காதுக்கு வந்து கிசுகிசுப்பாள். யாரும் அவளை எதுவும் சொன்னதில்லை. சொன்னது என் மனைவியை. மகள் பிறப்பதற்கு முன்னால், வேறு ஓர் ஊரில், ரயிலில் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவளைப் பார்த்து ஓர் ஆள் எழுந்து நின்று கத்தினான். மொத்தப் பெட்டியும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. அன்றிலிருந்து பொது இடத்தில் அவள் குரல் அரை அளவுதான்.

குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தலைக்கவச ஆய்வைப் பற்றி அவளிடம் சொன்னேன். "நான் பாப்பாவுக்கு அதைச் சொல்லவே இல்லையே" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மீன் போயிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளு இன்னும் ரயில்ல போயிட்டுத்தானே இருப்பான்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. அத்தை இடையில் புகுந்து, "எங்க அம்மா கிணத்தடியில மெதுவாத்தான் பேசுவா, எதுக்குன்னு கடைசிவரைக்கும் சொல்லல" என்றார்.

மனுஷன் டாஃப்னியா இல்லை. பிள்ளைகள் நம்மிடம் இருந்து எடுத்துக்கொள்வது முட்டை வழியாக மட்டும் போவதில்லை, நம் முகத்தைப் பார்த்தே பாதி படித்துவிடுகிறார்கள். நான் 24 வயசில் எம்.எஸ். படிக்க வந்தவன். உங்களில் நிறையப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், உங்கள் அப்பா அம்மா எந்தத் தண்ணீரிலிருந்து வந்தார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 83-க்குப் பிறகு கிளம்பி வந்த ஒரு குடும்பம் எங்களுக்குப் பழக்கம். பாஸ்போர்ட், பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இன்றும் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில். அந்த வீட்டு மகனுக்கு இப்போது நாற்பது வயசு, அவர் வீட்டிலும் அதே மாதிரி ஒரு பை. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பைக்கு இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது. குரலைப் பாதியாகக் குறைப்பது அப்படி இல்லை. அதற்கு ஆகும் செலவு, பிள்ளை அந்த மொழியில் வளர்வதிலேயே போய் விழுகிறது. எங்கள் வீட்டில் இப்போதைக்கு முடிவு, பஸ்ஸில் நான் மட்டும் சத்தமாகத் தமிழ் பேசுவது. மனைவியை வற்புறுத்துவதில்லை. மகள் சில நாள் சத்தமாகப் பதில் சொல்கிறாள், சில நாள் முழங்கையால் இடிக்கிறாள்.

குளத்துக் கதையில் இன்னொரு பகுதி பாக்கி. 2021-ல் அதே கூட்டத்தின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து ஒரு கட்டுரை வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் 500-க்கும் மேற்பட்ட ஜீன்கள் பங்கு எடுத்திருக்கின்றன. அவ்வளவு வகைக்கும் தேவையான சரக்கு எங்கிருந்து வந்தது? அக்கம்பக்கத்துக் குளங்களிலிருந்து வந்து இந்தப் புதுக் குளத்தில் குடியேறிய வெறும் ஐந்து டாஃப்னியாக்கள் கொண்டுவந்திருக்கக்கூடிய வேறுபாடே போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஐந்தே ஐந்து. மீன் வந்தபோது ஒதுங்கத் தெரிந்ததும், மீன் போனபோது மேலே வரத் தெரிந்ததும் இரண்டுமே அந்த ஐந்தின் மூட்டைக்குள் முன்பே இருந்திருக்கிறது. அவ்வளவு கடுமையான வேட்டைக்குப் பிறகும் அந்த வகைவகையான சரக்கு கரைந்து போனதற்கான அறிகுறி இல்லையாம். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அஞ்சு பேரா? எங்க தெருவுல இருந்து லண்டன் போனதே அவ்ளோதான், இப்ப பாரு" என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை நல்ல காலம். மழை பெய்த மறுநாள் என்றால் பிள்ளைகளுக்கு பூட்ஸ் கட்டாயம், கரையோரப் பாதை சேறாகிவிடும். முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு, பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பக்கம் கடை எதுவும் நம்ப முடியாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் எப்போதும் புளிசாதமும் சிப்ஸும்தான். தண்ணீர் எடுக்க ஆசைப்பட்டால் தெரிந்தவர்கள் தோட்டத்துத் தொட்டியில் எடுங்கள், இந்தக் குளங்களில் வேண்டாம். பாட்டிலுக்குள் டாஃப்னியா இருந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், குளோரின் அதற்கு ஆகாது. பார்த்து முடித்ததும் எடுத்த தொட்டியிலேயே திருப்பி விடுங்கள்.